கேம்ப் லெஜூன்: குடிநீரும் நிரூபிக்கும் சுமையும்

வட கரோலினா மாநிலத்தின் ஜாக்சன்வில் நகரை ஒட்டி அமைந்திருக்கும் கேம்ப் லெஜூன், அமெரிக்கக் கடற்படைத் துறையின் கீழ் இயங்கும் மரைன் படையின் முதன்மையான தளங்களுள் ஒன்று. 1953 ஆகஸ்ட் 1 தொடங்கி 1987 டிசம்பர் 31 முடிய அங்கே பணியாற்றிய வீரர்களும், அவர்களோடு குடியிருந்த மனைவி மக்களும், தளத்தில் வேலை பார்த்த பொதுமக்களும் குடித்த நீரில் தொழிற்சாலைக் கரைப்பான்களும் எரிபொருள் கசிவும் கலந்திருந்தன என்பது இன்று அமெரிக்கச் சட்டத்திலேயே தேதியோடு எழுதப்பட்டிருக்கிறது. பாதிப்புக்கு ஆளானவர்களின் எண்ணிக்கை பத்து லட்சத்தை எட்டக்கூடும் என்று மதிப்பிடப்படுகிறது. இந்த ஆய்வு, நீர் கெட்ட வரலாற்றை வேண்டிய அளவுக்கு மட்டும் சொல்லிவிட்டு, அந்த நீரைக் குடித்த வீரர்கள் பல ஆண்டுகள் கழித்து வந்த நோய்க்காக அரசிடம் ஊன இழப்பீடு கேட்டபோது அவர்களுடைய மனுக்கள் எப்படி நடத்தப்பட்டன என்பதை விரிவாகப் பார்க்கிறது. என் பார்வையில் இந்த விவகாரத்தின் மையக் கேள்வி ஒன்றுதான்: நோய்க்கும் நீருக்கும் உள்ள தொடர்பை நிரூபிக்கும் சுமை யார் தலையில் வைக்கப்பட்டது? அந்தச் சுமை இடம் மாறிய பிறகுதான் மனுக்களின் கதி மாறியது.

நீர் கெட்ட விதம்

தளத்துக்கு நீர் வழங்கிய நிலையங்களுள் இரண்டு இங்கே முக்கியமானவை. முதலாவது தராவா டெரஸ். வீரர்களின் குடும்பங்கள் வசித்த குடியிருப்புக்கு நீர் கொடுத்தது. இரண்டாவது ஹாட்நட் பாயின்ட். திருமணமாகாத வீரர்கள் தங்கிய பாரக்குகள், பணிமனைகள், கடற்படை மருத்துவமனை ஆகியவற்றுக்கு நீர் கொடுத்தது. இரண்டுமே நிலத்தடியிலிருந்து ஆழ்துளைக் கிணறுகள் வழியாக நீர் எடுத்தன. ஆனால் இரண்டும் கெட்ட காரணம் வேறு.

தராவா டெரஸின் நீர் தளத்துக்கு வெளியிலிருந்து கெட்டது. அருகே நெடுஞ்சாலையோரத்தில் இயங்கிய ஏபிசி ஒன்-அவர் கிளீனர்ஸ் என்ற டிரை கிளீனிங் கடை, பெர்குளோரோஎத்திலீன் என்ற கரைப்பானைப் பயன்படுத்தியது. கழிவுநீர் செப்டிக் தொட்டிக்குப் போனது. கரைப்பானைக் காய்ச்சி மீண்டும் எடுத்தபின் அடியில் தங்கிய கசடைக் கொண்டு கடையை ஒட்டிய இடத்துப் பள்ளங்களை நிரப்பினார்கள். மணற்பாங்கான அந்த மண்ணில் இறங்கிய கரைப்பான் குடிநீர்க் கிணற்றை அடைந்தது. பின்னாளில் அமெரிக்க அரசின் நச்சுப்பொருள், நோய்ப் பதிவேடு முகமை நிலத்தடி நீரோட்டத்தைக் கணினியில் மறுகட்டமைத்துப் பார்த்தபோது, 1957 நவம்பரிலிருந்து 1987 பிப்ரவரி வரையில் 346 மாதங்கள் இந்த நிலையத்தின் நீரில் பெர்குளோரோஎத்திலீன் இன்றைய வரம்பைத் தாண்டியிருந்தது தெரியவந்தது. இன்றைய வரம்பு என்பது நூறு கோடிப் பங்கு நீரில் ஐந்து பங்கு.

ஹாட்நட் பாயின்டின் நீரைக் கெடுத்தது தளமேதான். வண்டிகளையும் கருவிகளையும் துடைத்த கரைப்பான்கள், கழிவு கொட்டிய இடங்கள், மண்ணுக்கடியில் ஒழுகிய எரிபொருள் தொட்டிகள் எல்லாம் சேர்ந்து ட்ரைகுளோரோஎத்திலீன், பென்சீன், வினைல் குளோரைடு ஆகியவற்றைக் கிணறுகளுக்கு அனுப்பின. 1982 மே மாதத்தில் எடுத்த ஒரு மாதிரியில் ட்ரைகுளோரோஎத்திலீன் நூறு கோடியில் 1,400 பங்கு இருந்தது. இன்றைய வரம்பான ஐந்துக்கு இது 280 மடங்கு.

இந்தப் பொருள்கள் எளிதில் ஆவியாகக் கூடியவை. ஆகவே குடித்ததால் மட்டும் உடலுக்குள் போயின என்று நினைப்பது தவறு. வெந்நீரில் குளிக்கும்போது ஆவியாக நுரையீரலுக்குப் போயின. தோல் வழியாகவும் போயின. பயிற்சிக் களத்துக்கு இழுத்துச் செல்லப்பட்ட தண்ணீர் டிரெய்லர்களிலும் ஹாட்நட் பாயின்ட் நீரே நிரப்பப்பட்டதால், கெடாத நீர் வந்த பகுதியில் தங்கியிருந்த வீரரும் கெட்ட நீரைக் குடித்திருக்க வாய்ப்பு உண்டு. பின்னால் வந்த சட்டம், தளத்தின் எந்த மூலையில் இருந்தீர்கள் என்று கேட்காமல் தளத்தில் 30 நாள் இருந்தீர்களா என்று மட்டும் கேட்பதற்கு இது வலுவான நியாயம்.

அறிந்தவர்களும் அறியாதவர்களும்

1980 அக்டோபரில் குளோரின் துணை விளைபொருள்களுக்காக நீரைச் சோதிக்கத் தொடங்கிய ராணுவ ஆய்வகம், வேறு ஏதோ கலப்படம் தன் அளவீடுகளில் குறுக்கிடுவதைக் கண்டது. 1981இன் தொடக்கத்தில் அந்த ஆய்வகத்தின் தலைவர் வில்லியம் நீல், அறிக்கைப் படிவத்தின் கீழ்ப்பகுதியில், குளோரின் ஏற்றிய கரைப்பான்களால் நீர் கடுமையாக மாசுபட்டிருக்கிறது என்று தம் கையாலேயே எழுதி ஆச்சரியக்குறியும் இட்டார். 1982இல் கிரெய்ஞ்சர் என்ற தனியார் ஆய்வகம், அவை எந்தெந்தக் கரைப்பான்கள் என்பதைப் பெயர் சொல்லியே தளத்துக்குத் தெரிவித்தது. ஆயினும் மிக மோசமாக மாசுபட்ட கிணறுகளை மூடும் வேலை 1984இன் இறுதியில்தான் தொடங்கி 1985இல் முடிந்தது. 1985 ஏப்ரலில் தராவா டெரஸ் குடியிருப்போருக்குத் தளத் தளபதி அனுப்பிய கடிதம், கிணற்றில் மிகச் சிறிய அளவில் சில வேதிப்பொருள்கள் காணப்பட்டதாக மட்டுமே சொன்னது. அந்தக் கடிதத்தைப் படித்த எந்தத் தாயும் தன் பிள்ளையின் நோயையும் சமையலறைக் குழாயையும் சேர்த்து எண்ணியிருக்க முடியாது.

ஜெர்ரி என்ஸ்மிங்கர் என்ற மரைன் படை சார்ஜென்டின் மகள் ஜேனி, 1985இல் ஒன்பது வயதில் ரத்தப் புற்றுநோயால் இறந்தாள். அவளைத் தாய் கருவுற்றிருந்த காலத்தில் குடும்பம் தராவா டெரஸில் இருந்தது. என்ஸ்மிங்கர் நீர் மாசைப் பற்றி முதன்முதலில் அறிந்தது 1997இல், தொலைக்காட்சிச் செய்தி வழியாக. அதாவது, ஆய்வக அதிகாரி படிவத்தில் எழுதி 16 ஆண்டுகள் கழித்து, மகளை இழந்து 12 ஆண்டுகள் கழித்து. அவர் தொடங்கிய போராட்டமே பின்னால் வந்த சட்டங்களுக்கெல்லாம் வித்து.

இந்தக் கால வரிசையை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தொடர்பை நிரூபி என்று ஒரு வீரரைக் கேட்டபோது, நிரூபிக்கத் தேவையான தாள்கள் அனைத்தும் கேட்டவர்களின் அலமாரியில் இருந்தன. எந்தக் கிணறு எந்த மாதம் ஓடியது, எவ்வளவு நீர் எந்தக் குழாய்க்குப் போனது, எரிபொருள் எவ்வளவு ஒழுகியது என்பதில் ஒன்றுகூட வீரரின் கையில் இல்லை. அவரிடம் இருந்தது பணிவிடுப்புச் சான்றிதழும் நோயும் மட்டுமே.

2017க்கு முன்னர் ஒரு மனு

அமெரிக்கப் படைவீரர் நலத்துறையில் ஊன இழப்பீடு பெற மூன்று விஷயங்கள் நிறுவப்பட வேண்டும்: இப்போது நோய் இருக்கிறது, பணிக்காலத்தில் அதற்குக் காரணமான நிகழ்வு நடந்தது, இரண்டுக்கும் தொடர்பு உண்டு. முதல் இரண்டும் பெரும்பாலும் காகிதத்தில் கிடைத்துவிடும். மூன்றாவதற்குத்தான் மருத்துவரின் கருத்துரை வேண்டும். தொடர்பு இருப்பதற்கான வாய்ப்பு இல்லாததற்கான வாய்ப்புக்குக் குறையாமல் இருந்தால் போதும் என்பதே சட்டத்தின் அளவுகோல். ஐயம் சரிசமமாக நின்றால் அதன் பலன் வீரருக்கே. எழுத்தில் இது தாராளமான விதி.

நடைமுறை வேறாக இருந்தது. லெஜூன் மனுக்கள் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் அலுவலகத்தில் ஒருங்கே சேர்க்கப்பட்டன. 2012இல் துறை, இம்மனுக்களுக்குக் கருத்துரை எழுதுவதற்கென்றே வல்லுநர் குழு ஒன்றை ஏற்படுத்தியது. குழு வந்த பிறகு ஏற்கப்படும் மனுக்களின் விகிதம் சரிந்தது. வீரரை நேரில் பார்க்காமலே, பல ஆண்டுகள் அவருக்குச் சிகிச்சை அளித்த புற்றுநோய் மருத்துவரின் கடிதத்தை ஒதுக்கிவிட்டு, வாய்ப்பு குறைவு என்று எழுதப்பட்ட கருத்துரைகளைப் பற்றி வீரர் அமைப்புகளும் சட்ட உதவி மையங்களும் தொடர்ந்து முறையிட்டன. 2009இல் தேசிய ஆராய்ச்சி மன்றம் வெளியிட்ட அறிக்கை, நீருக்கும் நோய்களுக்கும் உறுதியான தொடர்பை நிறுவ முடியவில்லை என்று சொன்னதும் மறுப்புக்குத் துணையாக எடுத்தாளப்பட்டது. உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பது அறிவியலில் ஒரு நிலை. சரிசமமான ஐயம் என்பது சட்டத்தில் வேறொரு நிலை. முன்னதைக் காட்டிப் பின்னதை மறுத்ததுதான் அந்த ஆண்டுகளில் நேர்ந்த அடிப்படைப் பிழை என்பது என் முடிவு.

இடையில் 2012 ஆகஸ்ட் 6 அன்று, ஜேனியின் பெயர் தாங்கிய பகுதியைக் கொண்ட சட்டத்தில் அதிபர் ஒபாமா கையொப்பமிட்டார். இந்தச் சட்டம் 15 நோய் நிலைகளுக்கு வீரர்களுக்கு மருத்துவச் சிகிச்சையும், குடும்பத்தினருக்கு வேறு காப்பீடு கொடுத்தது போக மீதிச் செலவும் வழங்கியது. இது இழப்பீட்டுச் சட்டம் அன்று. சிகிச்சை ஏற்கப்பட்டதாலேயே மாதாந்தரத் தொகையும் வரும் என்று நம்பி, தனியாக மனுப் போடாமல் ஆண்டுகளை இழந்தவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு பிரிவுகள். இரண்டுக்கும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும்.

அனுமானம் வந்த பிறகு

2017 மார்ச் 14 அன்று நடைமுறைக்கு வந்த விதிதான் திருப்புமுனை. முன்சொன்ன 1953–1987 காலத்தில் தொடர்ச்சியாகவோ விட்டுவிட்டோ மொத்தம் 30 நாள் லெஜூனில் பணியாற்றியவருக்கு, எட்டு நோய்களுள் ஒன்று வந்தால், அது பணியால் வந்ததாகவே அனுமானிக்கப்படும். வயதுவந்தோருக்கு வரும் ரத்தப் புற்றுநோய், அப்ளாஸ்டிக் அனீமியா உள்ளிட்ட எலும்பு மஜ்ஜைக் கோளாறுகள், சிறுநீர்ப்பைப் புற்றுநோய், சிறுநீரகப் புற்றுநோய், கல்லீரல் புற்றுநோய், மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய், நான்-ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய், பார்க்கின்சன் நோய் ஆகியவையே அந்த எட்டு. ரிசர்வ் படையினரும் தேசியக் காவல் படையினரும் இதில் அடங்குவர். நோய் எத்தனை ஆண்டு கழித்து வந்தாலும் சரி. மருத்துவரின் தொடர்புக் கருத்துரை தேவையில்லை. மறுக்க வேண்டுமானால், எதிர்ச்சான்று காட்டும் பொறுப்பு துறையினுடையது.

அனுமானத்தைச் சிலர் சலுகை என்று சொல்வதுண்டு. நான் அப்படிக் கருதவில்லை. ஒரு தனி மனிதரின் சிறுநீர்ப்பையில் தோன்றிய கட்டிக்கு, 1979இல் அவர் குடித்த நீர்தான் காரணமா அல்லது வேறொன்றா என்று எந்த மருத்துவரும் சோதனைக் குழாயில் காட்டிவிட முடியாது. கூட்டமாகப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அதற்காகவே, கலிஃபோர்னியாவின் கேம்ப் பெண்டில்டன் தளத்தில் இருந்த வீரர்களோடு லெஜூன் வீரர்களை ஒப்பிட்டார்கள். வயதும் வேலையும் ஏறக்குறைய ஒன்று, நீர் மட்டும் வேறு. ஒவ்வொரு தளத்திலும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரை உள்ளடக்கி 2014இல் வெளியான இறப்பு ஆய்வில், சிறுநீரகம், கல்லீரல், உணவுக்குழாய் ஆகியவற்றின் புற்றுநோயாலும் மல்டிபிள் மைலோமாவாலும் நேர்ந்த மரணங்கள் லெஜூன் பக்கம் கூடுதலாக இருந்தன. சில நோய்களில் எண்ணிக்கை சிறியதாகையால் புள்ளியியல் உறுதி குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். 2023இல் வெளியான பார்க்கின்சன் ஆய்வு அதைவிடத் தெளிவாகப் பேசியது: பெண்டில்டன் வீரர்களைவிட லெஜூன் வீரர்களுக்கு அந்நோய் வரும் வாய்ப்பு 70 விழுக்காடு அதிகம். விதி வந்து ஆறு ஆண்டுகள் கழித்து வந்த அறிவியல், விதியின் பக்கமே நின்றது.

ஒரு கோப்பின் நடை

எடுத்துக்காட்டாக, 1979இல் நான்கு மாதம் ஹாட்நட் பாயின்ட் பாரக்கில் தங்கி, இன்று சிறுநீர்ப்பைப் புற்றுநோயோடு இருக்கும் ஒருவரை வைத்துக்கொள்வோம். அவர் முதலில் மனுப் போடும் எண்ணத்தைத் துறைக்குத் தெரிவித்தால், இழப்பீடு தொடங்கும் நாளாக அன்றைய தேதி ஓராண்டுக்குக் காக்கப்படும். பிறகு 21-526ஈஇசட் என்ற படிவத்தை முழுமையாக்கி அனுப்பலாம். டிடி-214 எனப்படும் பணிவிடுப்புச் சான்றிதழ் இணைக்கப்பட வேண்டும். ஆனால் அந்தச் சான்றிதழ் பெரும்பாலும் கடைசிப் பணியிடத்தையே காட்டும். நான்கு மாத லெஜூன் பணி அதில் இல்லாமல் போகலாம். அப்போது பணிப்பதிவேட்டையே வரவழைக்க வேண்டும். 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் நேர்ந்த தீவிபத்து தரைப்படை, வான்படை ஆவணங்களைத்தான் அழித்தது. மரைன் படைப் பதிவுகள் அதில் சிக்கவில்லை. பதிவேடு எரிந்திருக்கும் என்று யாராவது சொன்னால் அதை ஏற்றுக்கொண்டு மனுவைக் கைவிடத் தேவையில்லை.

மனு ஏற்கப்பட்டால் அடுத்த கேள்வி ஊனம் எத்தனை விழுக்காடு என்பது. புற்றுநோய் செயலில் இருக்கும் காலத்திலும் சிகிச்சை முடிந்து ஆறு மாதம் வரையிலும் 100 விழுக்காடு. அதன் பின் பரிசோதனை செய்து, மிஞ்சிய பாதிப்பை மட்டும் அளப்பார்கள். சிறுநீரை அடக்க முடியாமல் போனவருக்கு, உறிஞ்சும் பேடை நாளொன்றுக்கு எத்தனை முறை மாற்றுகிறார் என்பதே கணக்கு: இரண்டு முறைக்குக் குறைவானால் 20, இரண்டிலிருந்து நான்கு முறையானால் 40, நான்குக்கு மேல் என்றால் 60. பரிசோதனை அறையில் கூச்சப்பட்டு, பரவாயில்லை, சமாளிக்கிறேன் என்று சொல்லும் முதியவர், மாதாமாதம் வர வேண்டிய தொகையை அந்த ஒரு சொல்லால் இழக்கிறார். இரண்டு குறைகள் இருந்தால் நேரடியாகக் கூட்டுவதில்லை என்பதும் பலருக்கு அதிர்ச்சி தரும் விஷயம். 50க்கும் 30க்கும் 80 வராது. முதலில் 50 போக மீதமுள்ள 50இல் 30 விழுக்காடான 15 சேர்ந்து 65 ஆகும். அது 70 என முழுமையாக்கப்படும்.

விதி வந்துவிட்டதாலேயே மனுக்கள் ஒழுங்காக நடத்தப்பட்டன என்று சொல்ல முடியாது. படைவீரர் நலத்துறையின் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகம் 2022 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை, 2017 மார்ச்சிலிருந்து 2021 மார்ச் வரை முடிவெடுக்கப்பட்ட சுமார் 57,500 லெஜூன் மனுக்களை ஆராய்ந்தது. அவற்றில் ஏறத்தாழ 21,000 மனுக்கள், அதாவது 37 விழுக்காடு, தவறாகக் கையாளப்பட்டிருந்தன. அவற்றுள் சுமார் 17,200 மனுக்கள், வீரரிடம் சான்று கேட்டு அனுப்ப வேண்டிய கடிதத்தைக்கூட அனுப்பாமல் அவசரமாக மறுக்கப்பட்டவை. வேறு சிலவற்றில் இழப்பீடு தொடங்கும் தேதி தவறாகக் குறிக்கப்பட்டிருந்தது. லெஜூன் மனுக்களில் பழகிய லூயிவில் அலுவலகத்தில் பிழை குறைவாகவும், பழக்கமில்லாத மற்ற அலுவலகங்களில் மிகுதியாகவும் இருந்தது. வீரர் தலையிலிருந்து சுமையைச் சட்டம் இறக்கி வைத்தது. விதியைச் சரியாகப் படிக்காத மேசைகள் அதை மறுபடியும் அவர் தலையிலேயே ஏற்றின. ஒரு கடிதம் போகாததால் மறுக்கப்பட்ட மனுவுக்குச் சொந்தக்காரர், தம் நோய்க்கும் நீருக்கும் தொடர்பில்லை என்று அரசு சொல்லிவிட்டதாகவே நினைத்திருப்பார்.

நீதிமன்ற வழி

ஊன இழப்பீடு ஒரு பாதை. உரிமையியல் வழக்கு இன்னொரு பாதை. பணி சார்ந்த காயத்துக்காகப் படைவீரர் அரசின்மீது வழக்குத் தொடர முடியாது என்று 1950இல் உச்ச நீதிமன்றம் வகுத்த ஃபெரஸ் கோட்பாடும், தீங்கு விளைத்த செயலுக்குப் பத்தாண்டு எல்லை வைத்த வட கரோலினாச் சட்டமும் இரண்டாவது பாதையை நெடுங்காலம் அடைத்திருந்தன. 2019 ஜனவரியில் கடற்படைச் செயலர் ரிச்சர்ட் ஸ்பென்சர், நிலுவையில் இருந்த சுமார் 4,400 கோரிக்கைகளையும் ஒட்டுமொத்தமாக மறுத்தார். 2022 ஆகஸ்ட் 10 அன்று, நச்சுப்பொருளுக்கு ஆளான படைவீரர்களுக்கான பேக்ட் சட்டத்தின் ஒரு பகுதியாகக் கையொப்பமான கேம்ப் லெஜூன் நீதிச் சட்டம் அந்தத் தடைகளை நீக்கி, வட கரோலினாவின் கிழக்கு மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் மட்டும் வழக்குத் தொடர இரண்டாண்டு அவகாசம் தந்தது. கடற்படையிடம் குவிந்த கோரிக்கைகள் நான்கு லட்சத்தைத் தாண்டின. குறிப்பிட்ட நோய்களுக்கு, தளத்தில் இருந்த காலத்தைப் பொறுத்து 1,00,000 டாலரிலிருந்து 4,50,000 டாலர் வரை கொடுத்து முடிக்கும் விருப்பத் திட்டம் ஒன்றை 2023 செப்டம்பரில் அரசு அறிவித்தது. இறப்பு நேர்ந்திருந்தால் கூடுதலாக ஒரு லட்சம் டாலர். நீதிமன்றம் வழங்கும் தொகையில், அதே நோய்க்காகத் துறை ஏற்கெனவே வழங்கிய பயன்கள் கழிக்கப்படும் என்பதை மனுதாரர் அறிந்திருக்க வேண்டும்.

தீராமல் நிற்பவை

சிகிச்சைப் பட்டியலில் உள்ள 15 நிலைகளுக்கும் இழப்பீட்டு அனுமானத்தில் உள்ள எட்டு நோய்களுக்கும் இடையில் விழுந்தவர்கள் இருக்கிறார்கள். மார்பகப் புற்றுநோய், நுரையீரல் புற்றுநோய், உணவுக்குழாய்ப் புற்றுநோய், தோலை இறுகச் செய்யும் ஸ்கிலிரோடெர்மா ஆகியவற்றுக்குச் சிகிச்சை உண்டு, அனுமானம் இல்லை. அவர்கள் இன்றும் பழைய முறையில், மருத்துவரின் கருத்துரையோடு தொடர்பை நிறுவியாக வேண்டும். மைக் பார்ட்டெய்ன் 1968இல் அந்தத் தளத்தில் பிறந்தவர். 2007இல் அவருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அவர் சீருடை அணிந்தவர் அல்லர். ஆகவே ஊன இழப்பீடு அவருக்குப் பொருந்தாது. அந்த நீரின் தீமை கருவிலேயே தொடங்கியது என்பதை அரசு ஒப்புக்கொண்டும், குடும்பத்தினருக்குச் செலவை ஈடுகட்டுவதோடு நிறுத்திக்கொண்டது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

நீதிச் சட்டத்தின் அவகாசம் 2024 ஆகஸ்ட் 10 அன்று முடிந்தது. படைவீரர் நலத்துறையின் ஊன இழப்பீட்டுக்கு அப்படிப்பட்ட இறுதி நாள் கிடையாது. 2017க்கு முன் மறுக்கப்பட்டவர், அந்த எட்டு நோய்களுள் ஒன்று இருந்தால், மறுக்கப்பட்ட கோரிக்கையை மீண்டும் எழுப்பும் துணை மனு வழியாக மறுபடி கேட்கலாம். புதிதாக மறுப்பு வந்தால் ஓராண்டுக்குள் துணை மனுவோ, மேல்நிலை அலுவலரின் மறுபரிசீலனையோ, படைவீரர் மேல்முறையீட்டு வாரியத்திடம் மேல்முறையீடோ கோரினால் முதல் தேதி காக்கப்படும். வீரர் இந்நோய்களால் இறந்திருந்தால், அவர் உயிரோடிருந்தபோது மனுவே போடவில்லை என்றாலும், மனைவியோ கணவரோ 21பி-534ஈஇசட் படிவத்தின் மூலம் தம் பெயரில் மாதத் தொகை கேட்கலாம்; இறப்புச் சான்றிதழில் நோயின் பெயர் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்பதை அவர்கள் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.